இலையும் கையும்: மலையகப் புகைப்படங்களில் தெரிவு வண்ணம்

ஹட்டனிலிருந்து மஸ்கெலியா வழியாக, மவுசாக்கலை நீர்த்தேக்கத்தின் ஓரமாகச் செல்லும் பாதை நல்லதண்ணியில் முடிவடைகின்றது. அதற்கப்பால் 2243 மீற்றர் உயரமுள்ள சிவனொளிபாதமலையின் படிகள் தொடங்குகின்றன. டிசெம்பர் மாதப் போயா தினம் முதல் மே மாத வெசாக் வரை அங்கு யாத்திரிகர் திரளுவர். ஏனைய மாதங்களில் உல்லாசப் பிரயாணிகள் வந்து போவர். வருவோர் கையிலெல்லாம் படக்கருவி இருக்கின்றது. மலை, மூடுபனி, தேயிலைச் சரிவு, கொழுந்து பறிக்கும் பெண் ஆகிய நான்கும் ஒரே சட்டத்துள் அடங்கும் இடம் அது. ஆதலின் மலையகத்தைப் பற்றிய காட்சி மரபு ஒன்று உருவாகுமிடமாகவும் அதனைக் கொள்ளலாம்.

இக்காட்சி மரபிற் பெருகிவிட்ட ஒரு வகைப் படத்தைத் தனித்து நோக்குதல் தகும். எடுக்கப்பட்ட படம் கணினியிலோ கைத்தொலைபேசியிலோ செம்மையிடப்படுகின்றது. முழுவதும் கறுப்பு வெள்ளையாக மாற்றப்படுகின்றது. ஒரு பொருளுக்கு மட்டும் அதன் நிறம் விடப்படுகின்றது. கொழுந்தெடுக்கும் பெண்ணின் முகம், கை, கூடை, இடுப்பிற் கட்டிய படங்கு, பின்னணி மலை யாவும் சாம்பல். அவள் விரல்களுக்கிடையே உள்ள இரண்டு இலையும் ஒரு குருத்தும் மட்டும் பச்சை. வேறொரு படத்தில் தேயிலை சாம்பலாகிவிட, சேலை மட்டும் சிவப்பாக நிற்கும். இரவிற் பிடிக்கப்பட்ட படமாயின், மலையேறும் பாதையின் விளக்குவரிசை மட்டும் பொன்னிறமாக ஒளிரும். இவ்வுத்தியைத் தெரிவு வண்ணம் எனக் குறிப்பிடலாம்.

இதனைக் கணினி யுகத்தின் புதுமை எனக் கருதுதல் பொருந்தாது. படம் கறுப்பு வெள்ளையாகப் பிறந்த காலத்திலேயே அதன் ஒரு பகுதிக்கு மட்டும் நிறம் ஊட்டும் வழக்கமும் பிறந்துவிட்டது. இந்தியாவின் பழைய படப்பிடிப்பு நிலையங்களில், குடும்பப் படத்தின் முகங்களை அவ்வாறே விட்டு, நகைக்கும் சேலைக் கரைக்கும் தலைப்பாகைக்கும் தூரிகையால் வண்ணம் தீட்டினர். எது மதிப்புக்குரியதோ அதற்கு நிறம் என்பதே அங்கு நியதி. இலங்கையில் 1890ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற பிளேட் நிறுவனம் முதலியன வெளியிட்ட அஞ்சலட்டைகளிலும் வண்ணமூட்டிய தோட்டக் காட்சிகள் இடம்பெற்றன. அக்காலத்து இலங்கை அஞ்சலட்டைகளுட் பல ஐரோப்பிய அச்சகங்களில் அச்சேறியவை. எந்தப் பச்சையை மலைக்குப் பூசுவது, எந்த நிறத்தைச் சேலைக்குக் கொடுப்பது என்பதை அம்மலையையோ அச்சேலையையோ கண்டிராத ஒருவர் தீர்மானித்திருக்கக் கூடும். இன்று அத்தீர்மானம் படம் எடுத்தவர் கைக்கே வந்துவிட்டது. போட்டோஷொப் 1990இல் வெளிவந்தது. 1994இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பு அடுக்குகளை அறிமுகஞ் செய்தது. வண்ணப் படத்தின் மேல் அதன் சாம்பற் படியை ஓர் அடுக்காக வைத்து, வேண்டிய இடத்தில் மட்டும் மேலடுக்கைத் துளைத்துக் கீழுள்ள நிறத்தைக் காட்டுதலே உத்தியின் சாரம். துளைக்கும் அக்கருவியை மறைப்பு என வழங்கலாம். எதை மறைப்பது என்பதே பின்னர் இங்கு எழப்போகும் வினாவாதலின் அப்பெயர் பொருத்தமானதே.

திரைப்படக் கலையில் இவ்வுத்தி சிறந்து விளங்கிய சில இடங்களை நோக்கின், அதனை மதிப்பிடுதற்கான அளவுகோல் கிடைக்கும். ஐசன்ஸ்டைனின் 'போர்க்கப்பல் பொட்டெம்கின்' 1925இல் வெளிவந்தபோது, கப்பலில் ஏறும் கொடிக்குப் படச்சுருளிற் கையாற் சிவப்புத் தீட்டப்பட்டிருந்தது. அக்காலப் படச்சுருள் சிவப்பைக் கருமையாகவே பதிவு செய்யும். ஆதலின் படப்பிடிப்பில் வெள்ளைக் கொடியையே ஏற்றினர். சிவப்பு என்பது அங்கு அழகுக்கு வந்ததன்று. கொடியின் பொருளே அதன் நிறந்தான். அகிரா குரோசவா 1963இல் எடுத்த 'உயர்வும் தாழ்வும்' என்னும் பொருள்படும் தலைப்புக் கொண்ட படத்தில், கறுப்பு வெள்ளை நகரத்தின் மேல் ஓரிடத்தில் இளஞ்சிவப்புப் புகை எழுகின்றது. கடத்தற்காரன் பணப்பையை எரித்துவிட்டான் என்பதற்கு அப்புகையே சான்று. ஸ்பீல்பேர்க்கின் 'ஷிண்ட்லரின் பட்டியல்' 1993இல் வெளிவந்தது. அதிற் செந்நிற மேலங்கி அணிந்த சிறுமி முதலிற் கூட்டத்தினிடையே நடந்து போகின்றாள். பின்னர் பிணங்களினிடையே அதே நிறம் மீண்டும் காணப்படுகின்றது. முதற் காட்சியிற் கண்ணைக் கவர்ந்த நிறம் இரண்டாவது காட்சியிற் கண்டவன் மீது பொறுப்பைச் சுமத்துகின்றது.

இம்மூன்றிலும் நிறத்தை எடுத்துவிட்டாற் செய்தியே இல்லாது போகும். சாம்பல் சொல்லவியலாத ஒன்றை நிறம் சொல்லுகின்றதா என்பது முதல் வினா. சாம்பலாக விடப்பட்டவர்க்கு யாது நேருகின்றது என்பது இரண்டாவது. மலையகப் படங்களிற் பெரும்பாலானவை முதல் வினாவிலேயே தளர்ந்துவிடுகின்றன. தேயிலை பச்சை என்பதை அறியாதார் எவருமிலர். அதனை மட்டும் பச்சையாக விட்டுவைப்பது அறிந்ததையே உரத்துக் கூறுவதாகும். இருப்பினும் அப்படங்கள் கவர்ச்சியுடையனவாக உள்ளன. விளம்பரத்திலும் நாட்காட்டியிலும் விரும்பி ஏற்கப்படுகின்றன. ஆகவே இரண்டாவது வினாவையே ஆழ்ந்து நோக்க வேண்டும்.

அதற்கு உத்தியின் உள்ளியக்கத்தைச் சற்று அறிதல் அவசியம். வண்ணப் படத்தைச் சாம்பலாக்கும்போது கணினி மூன்று மூல நிறங்களையும் சம அளவிற் கொள்வதில்லை. வழக்கமான முறையொன்றிற் சிவப்புக்கு 0.299, பச்சைக்கு 0.587, நீலத்துக்கு 0.114 என்ற நிறை வழங்கப்படுகின்றது. மனிதக் கண் பச்சையைக் கூடிய ஒளியுடையதாக உணர்வதே இதற்குக் காரணம். இதன்படி 255 அளவுள்ள முழுச் சிவப்புச் சேலை சாம்பலில் 76 ஆகின்றது. 130 அளவுள்ள நடுத்தரப் பச்சையும் அதே 76 ஆகின்றது. அதாவது, வண்ணத்தில் எதிரெதிராக நின்ற சேலையும் செடியும் சாம்பலில் ஒன்றோடொன்று கலந்து, பெண் தேயிலைக்குட் காணாமற் போய்விடுகின்றாள். அவளை மீட்கவே சேலைக்குச் சிவப்பைத் திருப்பிக் கொடுத்தோம் எனப் படப்பிடிப்பாளர் கூறின், அதில் நியாயம் உண்டு.

ஆனால் மீட்பு அவ்வளவு எளிதன்று. மறைப்புத் துளைக்காது, 'சிவப்பை மட்டும் வைத்துக்கொள்' என நிறத்தையே கணினிக்குக் கட்டளையாகக் கொடுத்துப் பார்த்தால் விளைவு வியப்பூட்டும். சேலையில் மட்டும் நிறம் நிற்பதில்லை. லயத்துக் கூரையின் துருப்பிடித்த தகரத்திலும் சிவப்பு இருக்கின்றது. வெட்டிய மண்மேட்டிலும், கோயிற் கொடியிலும், நெற்றிக் குங்குமத்திலும், அட்டை கடித்த காலில் வழியும் இரத்தத்திலும் அது இருக்கின்றது. கணினி வேறுபாடு பாராட்டுவதில்லை. சிவப்பான யாவற்றையும் ஒருங்கே திருப்பித் தந்துவிடுகின்றது. பசுமை விடயம் இன்னும் சிக்கலானது. இளங்கொழுந்தின் நிறம் உண்மையில் மஞ்சள் கலந்த பச்சை; நிறவட்டத்தில் அது மஞ்சளை அடுத்தே அமையும். பச்சையை மட்டும் வைத்திருந்தால் முற்றிய இலை எஞ்சும், கொழுந்து மங்கிவிடும். கொழுந்தைக் காக்க மஞ்சளையும் வைத்தாக வேண்டும். மனிதத் தோலோ, கறுத்ததாயினும் வெளுத்ததாயினும், சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடைப்பட்ட பகுதியிலேயே பெரிதும் அமைகின்றது. எனவே கொழுந்தின் நிறத்தை வைத்துக்கொண்டாற் பறிக்கும் விரலிலும் நிறம் தங்கிவிடும் வாய்ப்பு மிகுதி. தனக்கு விடப்பட்டால், இலையையும் கையையும் கருவி எளிதிற் பிரித்துவிடுவதில்லை.

பிரிப்பவர் மனிதரே. துருவேறிய தகரத்தின் மேல், மண்ணின் மேல், குருதியின் மேல், விரலின் மேல் சாம்பல் தூரிகையை ஓட்டி, வேண்டாத நிறத்தை ஒவ்வொன்றாக நீக்கும் வேலை கையால் நடைபெறுகின்றது. பொழுது செலவிட்டு, படத்தைப் பெருப்பித்து, நகத்தின் விளிம்புவரை சென்று செய்யப்படும் வேலை அது. இப்போது சில கைத்தொலைபேசிகள் ஒரே தொடுகையில் இதனைச் செய்து முடித்துவிடுகின்றன என்பது உண்மையே. அவையும் மனிதர் வகுத்த முன்மாதிரிகளின்படியே செய்கின்றன. நாட்காட்டிப் படத்திலும் பார்க்கக் கணினி முதலில் ஈந்த அரைகுறைப் படமே மலையகத்துக்கு நெருக்கமானது எனக் கூறுதல் மிகையாகாது. அதிற் சேலையும் கூரையும் ஒரே நிறத்தாற் கட்டுண்டிருந்தன.

நீக்கப்படுவனவற்றுள் ஒன்று தனியே குறிப்பிடற்பாலது. நாள்தோறும் கொழுந்து கிள்ளும் விரல்களிற் தேயிலைச் சாறு படிந்து கறையாகிவிடும். பெருவிரலிலும் சுட்டுவிரலிலும், நகக்கண்களிலும் அது கபிலமாகவும் கருமையாகவும் ஊறிக் கிடக்கும். கழுவினாலும் இலகுவிற் போகாது. வண்ணப் படத்தில் அக்கறை தோலினின்றும் வேறாகத் தெரியும். சாம்பலாக்கியதும் அது தோலின் நிழலோடு நிழலாகிவிடுகின்றது. உழைப்பு உடலில் எழுதிய எழுத்து படத்தில் வாசிக்க முடியாததாகின்றது. அவ்விரல்களிடையே உள்ள குருத்து மட்டும், எவரும் பறிக்காது தானே வந்து நின்றதுபோற் பசுமையாக விளங்குகின்றது.

இவ்விடத்துத் தொல்காப்பியர் வகுத்த முப்பொருட் பாகுபாடு நினைவுகூரத்தக்கது. நிலமும் பொழுதும் முதற்பொருள்; அந்நிலத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்பன கருப்பொருள்; மாந்தரின் ஒழுக்கமும் உணர்வும் உரிப்பொருள். பாடலுட் பயிலும்போது இவை ஒன்றினொன்று சிறந்து செல்லும் என்பது அவர் கருத்து. முதலினும் கருவும், கருவினும் உரியும் சிறப்புடையன. உரிப்பொருள் மட்டும் வந்து ஏனைய இரண்டும் வராத சங்கப் பாடல்கள் உண்டு. உரிப்பொருள் இன்றி அகப்பாடல் அமைவதில்லை. தெரிவு வண்ணப் படம் இவ்வரிசையைத் தலைகீழாக்குகின்றது. அதிற் கருப்பொருளுள் ஒன்றாகிய மரம் நிறம் பெறுகின்றது; உரிப்பொருளுக்குரிய பெண் பின்னணியாகின்றாள். அதுமட்டுமன்று. மரமும் பறையும் தொழிலும் கருப்பொருளில் ஒரே நிரையில் வைத்து எண்ணப்பட்டவை. படமோ மரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு தொழிலைக் கைவிடுகின்றது. சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதிய, 'தேயிலைத் தோட்டத்திலே' எனச் சக்தீ அ. பாலையா தமிழாக்கிய நெடுங்கவிதை விடியலின் பறையொலியோடு தொடங்குகின்றது. வேலைக்கு எழுப்பும் ஒலி முதலில், தேயிலை அதன் பின்னர் என்ற அவ்வொழுங்கு தற்செயலானதன்று.

இதற்கோர் எதிர்வாதம் எழலாம். குறிஞ்சிப் பாடலின் இலக்கணத்தை ஒரு புகைப்படத்தின் மீது சுமத்துவானேன், படப்பிடிப்பாளன் தான் விரும்பியதை அழுத்திக் காட்ட உரிமையுடையவன் அல்லனோ என வினவலாம். உரிமை உண்டு. எந்தப் படமும் தெரிவே. சட்டமிடுதலே முதலாவது தெரிவு. வேறெங்கோ ஒரு பூந்தோட்டத்தில் ரோசாவை மட்டும் சிவப்பாக விட்டவரிடம் எவரும் கணக்குக் கேட்கப்போவதில்லை. மலையகத்திற் கேட்க நேருவது அம்மண்ணின் வரலாறு காரணமாகவே.

தேயிலை மலையகத்துக்குரிய பூர்வீக மரமன்று. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் அதனை வர்த்தக நோக்கிற் பயிரிட்டார். கோப்பி நோயால் அழிந்த பின்னரே அது மலைகளை மூடியது. தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர் தோட்டங்களுக்கு வரத் தொடங்கிய ஆண்டாக 1823 கொள்ளப்படுகின்றது. 2023இல் இருநூறாண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடைபயணமொன்றும் நிகழ்ந்தது. மரமும் மாந்தரும் வெளியிலிருந்து வந்தோரே. மாந்தர் வருகை மரத்தின் வருகைக்கும் முற்பட்டது. ஆயினும் மரம் நாட்டின் பெயரைத் தாங்கி உலகெங்கும் சென்றது. மாந்தருட் பெரும்பாலார் 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராயினர். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தொகை பேசிப் பங்கிட்டது. எஞ்சியிருந்தோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது. இலைக்கு இடமுண்டு, கைக்கு இடமில்லை என்பது சட்டமாக நடைமுறையில் இருந்த நாடு இது. அந்நாட்டில் இலைக்கு நிறமும் கைக்குச் சாம்பலும் வழங்கும் படம், எடுத்தவர் அறிந்தோ அறியாமலோ, அப்பழைய தெரிவையே மீட்டுரைக்கின்றது.

சாம்பல் வெறும் நிறமின்மையன்று என்பதும் கருதத்தக்கது. கறுப்பு வெள்ளையைக் கண்டதும் பார்ப்போர் மனம் பழங்காலத்தை எண்ணுகின்றது. ஜூலியா மார்கரட் கமரூன் 1875இல் இலங்கைக்கு வந்து, இங்குள்ள தமிழ்த் தொழிலாளரைப் படம் பிடித்தார். 1879இல் டிக்கோயாவில் இறந்து பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் கையாண்ட கொலோடியன் கண்ணாடித் தகடு நீலத்தை மட்டுமே நன்கு உணரும். சிவப்பையும் பச்சையையும் ஏறக்குறைய உணராது. ஆதலின் அவர் படங்களில் மாநிறத் தோல் இயல்பினும் கருமையாகவே பதிந்திருத்தல் கூடும். அது தகட்டின் குறை, எடுத்தவர் தெரிவன்று. தம்முன் நின்றோரின் முகத்தையே அவர் நாடினார் என்பதில் ஐயமில்லை. இன்றைய கருவிக்கு அக்குறை இல்லை. எல்லா நிறமும் பதிவான பின்னர் அதனை வேண்டுமென்றே களைந்து, உயிரோடு முன்னே நிற்கும் பெண்ணை நூற்றைம்பது ஆண்டு பின்னே தள்ளி, அவள் பறித்த இலையை மட்டும் இன்றைய காலத்தில் நிறுத்துகின்றனர். அதனாற்றான் இத்தகைய படங்களிற் பிரம்புக் கூடையும் பெரிதும் விரும்பப்படுகின்றது. பல தோட்டங்களில் அதனிடத்தை நைலோன் பைகளும் சாக்குகளும் பிடித்துவிட்டன. அவை சாம்பலுக்கு ஒத்துவருவதில்லை போலும்.

சிவப்புச் சேலைப் படங்கள் இவற்றினும் மேலானவை என ஒருவர் கருதலாம். அங்கே நிறம் பெறுவது பெண்ணுக்குரிய பொருளல்லவா? ஓரளவு மேலானவையே. ஆயினும் சேலை நிறத்தோடிருக்க முகம் சாம்பலாகவே விடப்படுகின்றது. கண்ணைச் சேலை இழுத்துக்கொள்ள, முகத்தின் களைப்போ குறும்போ கவனம் பெறுவதில்லை. பழைய நிலையத்து ஓவியர் நகைக்கு நிறம் தீட்டியபோது அந்நகை படத்திலிருந்தவரின் மதிப்பைக் குறித்தது. அதனைக் காசு கொடுத்து விரும்பியவரும் அவரே. சிவப்புச் சேலைப் படத்தை விரும்புபவர் வேறு, அதிலிருப்பவர் வேறு. அப்படம் அவள் கைக்கு வந்து சேருவதும் அரிதே.

நல்லதண்ணிப் படங்களுள் இவ்வுத்தி பொருந்தி வருவது இரவுக் காட்சியிலேயே. யாத்திரைக் காலத்து இரவில் மலை ஒரு கரிய திணிவு. பாதையோ கண்ணுக்குத் தெரியாது. விளக்குகளின் மஞ்சள்வரிசை ஒன்றே அங்கு வழியொன்று உண்டென்றும், அதில் மாந்தர் ஏறுகின்றனர் என்றும் தெரிவிக்கின்றது. குரோசவாவின் புகைபோல அந்நிறம் செய்தியைச் சுமக்கின்றது. அதற்காக எவரிடமிருந்தும் எதுவும் பறிக்கப்படவுமில்லை; இரவே ஏனைய நிறங்களை அகற்றிவிட்டிருக்கின்றது.

பகலில் அதே பாதையிற் பிடிக்கப்படும் படங்களில் வேறொன்று நிகழுகின்றது. படிகள் தொடங்குமிடத்தில் இருமருங்கும் தேயிலை. யாத்திரிகருட் பலர் வெள்ளாடை உடுத்துச் செல்வர். வெள்ளைக்கு இழப்பதற்கு நிறமில்லை; படத்தைச் சாம்பலாக்கினாலும் அவர்கள் முன்போலவே தூய்மையாக நடந்து போகின்றனர். அவர்களுக்கு அருகே, செடிகளுக்கிடையே, நீலமும் மஞ்சளும் சிவப்புமாகக் கிடைத்ததையெல்லாம் மேலுக்கு மேல் உடுத்து, தலையில் ஒரு துணியும் இடையிற் படங்கும் கட்டி நிற்பவளுக்கு எல்லாமே நிறந்தான். அவள் கை அந்நேரத்தில் ஒரு குருத்தைக் கிள்ளிக்கொண்டிருக்கின்றது. அக்குருத்தின் பச்சையோடு விரலின் கறையையும் வைத்திருக்கும் படம் ஒன்றைச் செய்வதற்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை. மறைப்பின் விளிம்பை நகத்தோடு நிறுத்தாது மணிக்கட்டுவரை நகர்த்தினாற் போதும்.